பிஞ்சுக் குழந்தையின் குளியல்: எதை வாங்குவது, எதை விடுவது?

வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும் கூடவே பிறந்துவிடுகிறது. குழந்தைச் சோப்பு, ஷாம்பு, பவுடர், எண்ணெய், களிம்பு, வாசனை நீர் என்று அது நீள்கிறது. சம்பள நாளன்று பட்டணத்துக் கடைக்குப் போகும் தகப்பனார், கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு கூடையையே வாங்கி வந்துவிடுகிறார். பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது என்ற அன்பைத் தவிர அதில் வேறு நோக்கம் இல்லை. ஆனால் அந்தக் கூடையில் குழந்தைக்கு உண்மையில் தேவையானது எது, தேவையில்லாதது எது, தீங்கு செய்யக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல்நலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் என்ற முறையில், அதை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில் குழந்தையின் தோலைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பெரியவர்களின் தோல் ஒரு நல்ல கூரையைப் போன்றது. வெளியே உள்ளதை உள்ளே விடாது, உள்ளே உள்ள ஈரத்தை வெளியே விடாது. பிறந்த குழந்தையின் தோலோ இன்னும் வேய்ந்து முடியாத கூரை. அது மெல்லியது, ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும், மேலே பூசுவதைச் சுலபமாக உள்ளே விட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். எனவே ஒரே களிம்பைத் தாயும் பிள்ளையும் உடம்பு முழுவதும் பூசிக்கொண்டால், பிள்ளையின் உடலில் சேரும் அளவு அதன் எடைக்கு மிகவும் அதிகம்.

தோலின் மேல் இயற்கையாகவே மெல்லிய புளிப்புத்தன்மை உண்டு. நோய்க்கிருமிகள் தங்காமல் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பிறந்த சில வாரங்களில் இந்தப் புளிப்பு மெல்ல மெல்ல உருவாகிறது. நாம் துணி துவைக்கவும் மேல் கழுவவும் பயன்படுத்தும் கட்டிச் சோப்போ காரத்தன்மை உள்ளது. அதைத் தினமும் இரண்டு வேளை தேய்த்தால் புளிப்பும் போய்விடும், எண்ணெய்ப் பசையும் போய்விடும். அதன் பிறகு தோல் வறண்டு, வெடித்து, அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்புக்கு இன்னொரு களிம்பு வாங்குகிறோம். ஒரு செலவு இன்னொரு செலவுக்கு வழி காட்டுகிறது.

குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் பொருளில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற இரண்டு பாடங்களை இங்கே சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒரு குழந்தைப் பவுடரில், ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிக்கொல்லி தொழிற்சாலைத் தவறினால் அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. நூறில் ஆறு பங்குக்கு மேல் அந்த மருந்து இருந்தது. தோல் வழியாக அது உள்ளே போய் மூளையைத் தாக்கியதில் 36 குழந்தைகள் இறந்தன.

இரண்டாவது பாடம் நம் அண்டை நாட்டில் நடந்தது. 1981ஆம் ஆண்டு வியட்நாமில், முன்பு சைகோன் என்று அழைக்கப்பட்ட ஹோ சி மின் நகரில், கைக்குழந்தைகள் இரத்தக் கசிவோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டு, 177 குழந்தைகள் இறந்தன. காரணத்தைத் தேடிய மருத்துவர்கள் குழந்தைப் பவுடரில் வார்ஃபரின் கலந்திருப்பதைக் கண்டார்கள். வார்ஃபரின் என்றால் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எலிக்கு வைக்கும் அதே மருந்துதான். வாயால் தின்றால்தான் நஞ்சு என்று நாம் நினைக்கிறோம். பிஞ்சுத் தோலுக்கு வாய் வேண்டியதில்லை என்பதை அந்தக் குழந்தைகள் நமக்குக் காட்டிவிட்டுப் போயின.

இப்படிப்பட்டவை மீண்டும் நடக்காமல் இருக்கவே நாடுகள் சட்டம் வகுத்தன. நம் நாட்டில் அந்தக் காவல் வேலையைச் செய்யும் அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவும் ஒரு காலத்தில் தோட்டம்தான். 1950களின் தொடக்கத்தில், எஃபிங்ஹம் தோட்டம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர்க் காட்டில் எழும்பிய நகரம் அது. பால் மரங்கள் நின்ற அந்த ஊரில், 1978ஆம் ஆண்டு மருந்துகளைச் சோதிக்கும் தேசிய ஆய்வுக்கூடம் தோன்றியது. இன்று அது தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனம் என்ற பெயரில், சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. என்.பி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு அடிப்படை. 2008 ஜனவரி முதல், ஆசியான் நாடுகளின் பொது ஏற்பாட்டின்படி, சோப்பு, ஷாம்பு, பவுடர் போன்ற எந்த ஒப்பனைப் பொருளையும் விற்பனைக்குக் கொண்டுவருமுன் நிறுவனங்கள் இங்கே அறிவிக்க வேண்டும்.

அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ஓர் எண் கிடைக்கும். என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, நடுவில் இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும். மருந்தாகப் பதிவு செய்யப்பட்ட களிம்புகளுக்கும் தைலங்களுக்கும் வேறு வகை எண் உண்டு. அது எம், ஏ, எல் என்ற எழுத்துகளில் தொடங்கும். ஒப்பனைப் பொருளின் எண் எல்லா உறைகளிலும் அச்சாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே பொருளின் பெயரை வைத்து என்.பி.ஆர்.ஏ.யின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். கைப்பேசி இல்லாத வீடு இப்போது அரிது. தேடத் தெரிந்த பிள்ளையும் வீட்டில் இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பு எண் இருக்கிறது என்பதால், அரசாங்கம் அந்தச் சோப்பை முன்கூட்டியே சோதித்து நல்லது என்று சான்று கொடுத்துவிட்டது என்று பொருள் அல்ல. பொருள் பாதுகாப்பானது என்பதற்கு நிறுவனமே பொறுப்பு. விற்பனைக்கு வந்தபின் அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். தவறு கண்டால் எண்ணை இரத்துச் செய்து பொதுமக்களுக்கு அறிவிக்கிறார்கள். அப்படி இரத்தான களிம்புகளில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் வேலரேட் ஆகியவை அடிக்கடி அகப்பட்டிருக்கின்றன. ஆகவே எண் இல்லாத பொருளை வாங்கவே கூடாது; எண் உள்ள பொருளையும் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும்.

உறையை எப்படிப் படிப்பது? நம் பாட்டிமார்கள் பலருக்கு மலாய் எழுத்துப் பழக்கம் இல்லை. வீட்டில் நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் கையில் உறையைக் கொடுங்கள். ‘தாரிக் லுப்புட்’ என்றால் காலாவதி தேதி. ‘அமாரான்’ என்றால் எச்சரிக்கை. ‘பெவாஙி’, ‘பர்ஃபூம்’, ‘ஃபிரேகிரன்ஸ்’ என்ற மூன்றும் வாசனைப் பொருளைக் குறிக்கும். தயாரித்த நாடு, இந்நாட்டில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், தொகுதி எண், சேர்க்கப்பட்ட பொருள்களின் முழுப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலில் முதலில் வருவது அதிகம் உள்ளது. போகப்போக அளவு குறையும். இவை எதுவும் இல்லாத டப்பாவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விடப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதே முக்கியம். ‘இயற்கையானது’, ‘மென்மையானது’, ‘ஒவ்வாமை தராதது’ என்றெல்லாம் முன்பக்கம் சொல்லும். இந்தச் சொற்கள் விற்பனைக்காக எழுதப்படுபவை. எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலை வைத்து எழுதுபவை அல்ல. வாசனையும் சாயமும் குழந்தைக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. தோலைக் கடிக்கும் பொருள்களில் வாசனைக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. வாசனை இல்லாதது, நிறம் இல்லாதது, பட்டியல் குட்டையானது ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

இனி வீட்டில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பவுடர். குளித்தவுடன் முகம் வெளுக்கப் பவுடர் போடாவிட்டால் குழந்தை குளித்ததாகவே நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பவுடர் தூள் காற்றில் பறந்து மூச்சில் புகுந்தால் நுரையீரலைப் பாதிக்கும். அதனால்தான் குழந்தைப் பவுடர் டப்பாவிலேயே, மூக்குக்கும் வாய்க்கும் அருகில் கொண்டுபோகாதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. டால்க் என்ற கல்மாவு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024இல் வகைப்படுத்தியது. பெயர்பெற்ற ஜான்சன் நிறுவனமே டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகெங்கும் விற்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது சோளமாவுப் பவுடர் வருகிறது. அதுவும் தூள்தான், அதுவும் மூச்சில் புகக்கூடாது. வேர்க்குருவுக்குப் பவுடர் மருந்தல்ல. தளர்வான பருத்திச் சட்டையும், காற்றோட்டமும், தண்ணீரில் நனைத்துத் துடைப்பதும் போதும்.

அடுத்து எண்ணெய். சுத்தமான தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுவது நல்ல பழக்கம். வறண்ட தோலுக்கு அது உதவும். ஆனால் தலைமுடிக்கென்று வாசனை சேர்த்து விற்கும் எண்ணெய் வேறு, சுத்தமான தேங்காய் எண்ணெய் வேறு. கடுகு எண்ணெய் பிஞ்சுத் தோலுக்குக் கடுமை. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதை அறவே நிறுத்த வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால், தண்ணீரைப் போல வெளியே வராமல் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சளி எடுக்கிறோம் என்று செய்வது மூச்சையே எடுத்துவிடக்கூடும்.

தைலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வயிற்று உப்புசத்துக்கும் சளிக்கும் தைலம் தடவுவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. கற்பூரமும் மென்தாலும் கலந்த தைலம் பெரியவர்களுக்குச் சுகம் தரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடும். மூக்கருகில் மென்தால் தடவினால் மூச்சுத் திணறலாம். தைலப் புட்டியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் மஞ்சள் காமாலை வருகிறதா என்று தோலின் நிறத்தைத்தான் தாதி பார்க்கிறார். நாமே மஞ்சளைப் பூசிவிட்டால் எது காமாலை, எது பூச்சு என்று யாருக்குத் தெரியும்? கண் மையும் வேண்டாம். சில மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருந்தது கண்டறியப்பட்டுள்ளது. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைத்தால் ஈயம் வயிற்றுக்குப் போகும். அது வளரும் மூளைக்குப் பகை. தொப்புள்கொடி விழும்வரை அதன்மேல் சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் அது தானே விழுந்துவிடும். குளித்த குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதையும் விட்டுவிடலாம். மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தால் தலை உலர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்றை இனிச் சொல்கிறோம். குழந்தை பிறக்குமுன் பழைய சட்டைகளையும் போர்வைகளையும் பெட்டியில் மடித்து வைக்கிறோம். பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போடுகிறோம். மலாயில் ‘உபாட் கெகாட்’ என்பது அதுதான். அதிலுள்ள நாப்தலின் ஆவி துணியில் தங்கி, குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். சில குழந்தைகள் ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கின்றன. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் நாப்தலின் பட்டால் அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான காமாலை வரும். அது மூளையைத் தாக்கினால் உயிர் போகலாம். பிழைத்தாலும் செவிட்டுத்தன்மையும் கைகால் முடக்கமும் ஆயுள் முழுவதும் நிற்கும். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். வீட்டுக்கு வருமுன் முடிவைக் கேட்டு, குழந்தையின் உடல்நலப் பதிவேட்டில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். முடிவு எதுவானாலும் குழந்தைத் துணியில் அந்துருண்டை வேண்டாம். முன்பே போட்டிருந்தால், துவைத்து நன்றாக வெயிலில் காயவைப்பதோடு நில்லாமல், வாசனை இருக்கும் துணியை ஒதுக்கியே வையுங்கள்.

தோட்டத்து வீடுகளுக்கென்று தனியாகச் சில எச்சரிக்கைகள் உண்டு. மருந்தடிக்கப் போனவர் வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்கக் கூடாது. முதலில் குளித்து, உடுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகள் நஞ்சுதான். மருந்து வந்த டின்னையும் பிளாஸ்டிக் கலனையும் எத்தனை முறை கழுவினாலும் குளிக்கத் தண்ணீர் பிடிக்கும் பாத்திரமாக்கக் கூடாது. உறுதியான கலன் வீணாகிறதே என்று தோன்றும். அதை வைத்து மிச்சமாகும் சில வெள்ளியை விடப் பிள்ளையின் உயிர் பெரிது.

இரவுச் சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் களிம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாள் ஆறாத சொறி ஒரே இரவில் மாயமாக மறைந்துவிட்டால் மகிழ்ச்சி அடையுமுன் சந்தேகப்படுங்கள். அதில் சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டு இருக்கலாம். மருத்துவர் அளந்து கொடுக்கும்போது ஸ்டீராய்டு மருந்து. அளவில்லாமல் பூசினால் தோல் மெலியும், குழந்தையின் வளர்ச்சியும் கெடும். தாய்மார்கள் முகம் வெளுக்கப் பூசும் களிம்பில் பாதரசம் இருந்தால், அணைத்து முத்தமிடும்போது அது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? குளிப்பாட்டும் முறையைச் சொன்னால் விடை தானே வந்துவிடும். பிறந்த குழந்தையை 24 மணி நேரம் கழித்தே குளிப்பாட்டலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தொட்டியில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வெந்நீர் ஊற்றி, முழங்கையை வைத்துப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். முதல் சில வாரங்களுக்கு வெறும் தண்ணீரே போதுமானது. பிறகு வாசனையில்லாத மென்மையான திரவச் சோப்பு, தலைக்கும் உடம்புக்கும் ஒன்றே, கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களுக்கு மட்டும். கிருமிநாசினி ஊற்ற வேண்டாம். ஒரு கணமும் குழந்தையைத் தண்ணீரில் தனியே விட்டுவிட்டு எழக் கூடாது. நாலு விரற்கடைத் தண்ணீரும் உயிரைக் குடிக்கும்.

தோல் வறண்டிருந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் அல்லது வாசனையில்லாத ஈரக்களிம்பு. இடுப்புத்துணி படும் இடம் சிவந்தால், அடிக்கடி துணி மாற்றி, தண்ணீரால் கழுவி, உலரவிட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்போ வெறும் வாசலினோ தடவலாம். புதிய பொருள் எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்காதீர்கள். கடித்தது எது என்று தெரியாமல் போய்விடும்.

கொப்புளம், சீழ், காய்ச்சலோடு தடிப்பு, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, முதல் நாளிலேயே மஞ்சள் நிறம், உள்ளங்காலுக்கும் உள்ளங்கைக்கும் பரவிய மஞ்சள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் களிம்பு தேட வேண்டாம். உடனே அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். போகும்போது பூசிய பொருளின் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பாதி விடை.

கணக்குப் பார்த்தால், ஒரு புட்டி மென்மையான சோப்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஒரு சிறிய துத்தநாகக் களிம்பு, சுத்தமான பருத்தித் துண்டு ஆகிய நான்குக்கு மேல் குழந்தைக்கு எதுவும் தேவைப்படவில்லை. மீதிக் காசு தாயின் சாப்பாட்டுக்கு ஆகட்டும். அவர் நன்றாகச் சாப்பிட்டால் பிள்ளைக்கும் நல்லது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குழந்தைத் துணிப் பெட்டியைத் திறந்து, அந்துருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்பவர் இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.